தாத்தா பெயர் தெரியும், பாட்டி ஊர் தெரியுமா?

கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களிடம் அட்டை எவ்வளவு கனம் வேண்டும், என்ன நிறம் வேண்டும் என்று என் மகன் கேட்பான். நான் கேட்பது ஒன்றுதான்: "தாத்தா பாட்டி பேர் போடணுமா?" சிவகாசியில் கம்பாசிட்டராக நுழைந்து, ஈய எழுத்தைப் பொறுக்கிக் கோர்த்து, ட்ரெடில் போய் ஆஃப்செட் வந்த காலத்தில் சொந்தமாக ஒரு சின்ன பிரஸ் போட்டவன் நான். இப்போது அதை மகனிடம் விட்டுவிட்டுப் புரூஃப் மட்டும் பார்க்கிறேன். நான் கேட்கிற கேள்விக்கு வரும் பதிலில், ஒரு குடும்பத்தின் ஞாபகம் எதுவரை போகும் என்பது தெரிந்துவிடும்.

அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர் யோசிக்காமல் வரும். அவருடைய அப்பா பெயருக்கு வீட்டுக்குப் போன் போடுவார்கள். அதற்கு மேலே ஆள் பெயர் கிடையாது, குலசாமி பெயர்தான். அம்மா வழித் தாத்தாவின் பெயரைச் சொல்கிறவர்கள் பாதிப் பேர். அம்மாச்சியைப் பெற்றவள் பெயரைச் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். "அப்பத்தா பிறந்த ஊர் எது?" என்று பேச்சுவாக்கில் கேட்டால், "சாத்தூர் பக்கம் ஏதோ ஒரு கிராமம் அண்ணாச்சி" என்பார்கள். சாத்தூர் பக்கம் எத்தனை கிராமம்!

வம்சம் தேடுவதெல்லாம் ஜமீன் வீட்டு வேலை, நமக்கெதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். பட்டாசு ஆலையில் திரி செருகுகிறவர் வீட்டிலும் நடக்க வேண்டிய வேலை அது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதற்குமுன் எங்கள் வட்டாரத்தில் பெயர் எப்படி இறங்கி வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர். பெண் பிள்ளைகளுக்கும் இதே கணக்கில் அப்பத்தா பெயர், அம்மாச்சி பெயர். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கம் பல சமூகங்களுக்கும் பொதுவான வழக்கு இது. ஆகவே ச.மாரியப்பன் மகன் மா.சங்கரலிங்கம், அவர் மகன் ச.மாரியப்பன், அவர் மகன் மறுபடியும் மா.சங்கரலிங்கம். நூறு வருஷப் பத்திரங்களை அடுக்கி வைத்தால் இந்த இரண்டு பெயர்களே மாறி மாறி வரும். எந்த மாரியப்பன் கிணறு வெட்டினார், எந்த மாரியப்பன் அதை விற்றார் என்பதில் வக்கீலுக்கே குழப்பம் வரும். சங்கரலிங்கத்துக்கு நான்கு மகன்கள் என்றால் நான்கு வீட்டிலும் மூத்த பேரன் சங்கரலிங்கம்தான். தெருவில் யாரும் இனிஷியல் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதனால் ஒருவர் கறுத்த சங்கரலிங்கம், ஒருவர் நெட்டைச் சங்கரலிங்கம், ஒருவர் கடலைக்கடை, இன்னொருவர் ரங்கூன் என்று ஆகிவிடுவார்கள். ரங்கூனுக்குப் போனவர் செத்து மூன்று தலைமுறை ஆன பிறகும் அது 'ரங்கூன் வீடு'தான். கேட்டால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே காரணம் தெரிவதில்லை.

இதிலே பெண்கள் பாடு வேறு. மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது பழைய கட்டு. பிள்ளைக்கோ மாமனார் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவள் எப்படிக் கூப்பிடுவாள்? ராசா, தம்பி, பெரியவனே என்று ஒரு பெயர் பிறக்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர் என்று எங்கள் ஆட்களுக்கு மூன்று பெயர் வந்தது இப்படித்தான்.

காமராஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1903 ஜூலை 15 அன்று விருதுபட்டியில் குமாரசாமிக்கும் சிவகாமி அம்மாளுக்கும் பிறந்த பிள்ளைக்குக் குலதெய்வமான காமாட்சியின் பெயரைத்தான் வைத்தார்கள். தாய் ராஜா என்றே கூப்பிட்டார். சாமி பெயரும் தாயின் செல்லப் பெயரும் ஒட்டிக்கொண்டு காமராஜ் ஆனது. நாடறிந்த அந்தப் பெயரில் பாதி, சிவகாமி அம்மாள் வாய்ப் பெயர். முன்னால் நிற்கிற 'கு' அப்பாவுடையது.

சில பெயர்களை அச்சில் கோர்க்கும்போது எனக்குக் கை நின்றுவிடும். பிச்சை, பிச்சையம்மாள், குப்புசாமி, குப்பம்மாள், தவிட்டம்மாள். வரிசையாகப் பிள்ளைகள் தவறிப்போன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுப்பார்கள். அல்லது தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள். இது விலை போகாத பிள்ளை, இதை விட்டுவிடு என்று எமனுக்குச் சொல்லுவதாகக் கணக்கு. ஆகவே உங்கள் முப்பாட்டன் பெயர் பிச்சை என்றால், அவருக்கு முன்னால் பிறந்து பேரில்லாமல் போன அண்ணனோ அக்காளோ அந்த வீட்டில் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத அந்தச் சாவை இந்தப் பெயர் ஒன்றுதான் சுமந்து வந்திருக்கிறது. போதும்பொண்ணு என்ற பெயருக்கு விளக்கம் தேவையில்லை. பேத்தி கல்யாணப் பத்திரிகையில் "போதும்பொண்ணுன்னு போடாதீங்க, அசிங்கமா இருக்கு, வேற ஏதாவது மாத்திப் போடுங்க" என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். அந்தப் பாட்டி கூடவே வந்திருந்தார். "அந்தப் பேரோடதான் நான் எழுவது வருஷம் இருந்தேன், இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அப்படியே அடித்தோம்.

வியாபாரக் குடும்பங்களில் இனிஷியலை விலாசம் என்பார்கள். அப்பா எழுத்து, தாத்தா எழுத்து, சில வீடுகளில் அதற்கும் மேலே ஒரு எழுத்து. வத்தல் மூடையிலும் எண்ணெய் டின்னிலும் அந்த எழுத்துகளைத்தான் எழுதி அனுப்புவார்கள். ஆள் போனாலும் விலாசம் நிற்கும். 1920-களின் தொடக்கத்தில் ஐயநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய பிறகு எங்கள் ஊரில் விலாசத்தோடு மார்க்கும் சேர்ந்துகொண்டது. ஒருவருக்கு அணில், இன்னொருவருக்குக் காக்கா. காக்கா சண்முக நாடார் என்று சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். தீப்பெட்டி லேபிளில் ஒட்டிய பறவை மனிதர் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

ராஜபாளையத்தில் கதை வேறு. அங்கே ராஜுக்களுக்கும், சுற்றுப்பட்டிலுள்ள தெலுங்கு பேசும் நாயக்கர், ரெட்டியார் வீடுகளுக்கும் இண்டிப் பேர், அதாவது வீட்டுப் பெயர் உண்டு. அது தலைமுறை தலைமுறையாக மாறாமல் இறங்கி வரும். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பூ.ச.குமாரசாமி ராஜாவின் 'பூ' அப்பா எழுத்து அல்ல, பூசபாடி என்கிற குடும்பப் பெயர்; 'ச'தான் சஞ்சீவி. ஒரே மாவட்டத்தில் முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால் இனிஷியலின் பொருளே மாறிவிடுகிறது. தேடுகிறவர் இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் வீட்டுப் பெயரைத் தாத்தா பெயர் என்று எழுதிவிடுவார்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் கனடாவில் மாண்ட்ரியல் நகரத்தில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் பிரெஞ்சுக்காரப் பிள்ளைகளில் பலர் பதினொன்று, பன்னிரண்டு தலைமுறையை ஒப்பிக்கிறார்கள் என்று ஆச்சரியப்பட்டாள். அதன் பிறகு அவள் அனுப்பியதையெல்லாம் வாங்கி வாசித்தேன். 1608-இல் கியூபெக் உண்டானது முதல் அங்கே குடியேறியவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். பிறந்தால் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று மூன்றையும் பங்குச் சாமியார் ஏட்டில் எழுதினார். ஒரு படி கோயிலில், ஒரு படி அரசாங்கத்திடம். தீப்பிடித்து ஒன்று போனாலும் மற்றது இருந்தது. சிப்ரியன் தாங்கே என்ற பாதிரியார் அந்த ஏடுகளைத் தோண்டி, 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாகக் குடும்ப வரலாற்று அகராதி போட்டார். பிற்பாடு மாண்ட்ரியல் பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றியது. 1663 முதல் 1673 வரை பிரான்ஸ் அரசர் தன் செலவில் கல்யாணத்துக்கு அனுப்பி வைத்த சுமார் 800 பெண்களில், தன் பாட்டி யார் என்று அங்கே இன்றைக்கு ஒருவர் கண்டுபிடித்துவிட முடியும்.

அவர்களுக்கும் பெயர்க் குழப்பம் உண்டு என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். 1665-இல் கரிஞான் சாலியேர் என்ற பிரெஞ்சுப் படை அங்கே வந்து இறங்கியது. படையில் ஒவ்வொருவனுக்கும் பட்டப்பெயர். ஒருவன் பூ, ஒருவன் கவலையில்லாதவன். ஊர் திரும்பாமல் அங்கேயே கல்யாணம் செய்து தங்கியவர்களோடு அந்தப் பெயரும் தங்கிவிட்டது. நம் பத்திரங்களில் 'மாரியப்பன் என்கிற கறுத்தையா' என்று எழுதுவதைப் போலவே அவர்களும் குடும்பப் பெயரையும் பட்டப்பெயரையும் சேர்த்து எழுதினார்கள். பிறகு அண்ணன் பிள்ளைகள் ஒன்றை வைத்துக்கொண்டார்கள், தம்பி பிள்ளைகள் மற்றதை. இப்போது பங்காளிகள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தாலும் பெயரை வைத்து உறவு தெரியாது. ஆண் பிள்ளை எல்லோருக்கும் ழோசஃப், பெண் பிள்ளை எல்லோருக்கும் மரி என்று ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் சேர்த்துவிடுவதால் முதல் பெயரும் உதவாது. எங்கள் நான்கு சங்கரலிங்கத்துக்கு அண்ணன்மார் அங்கே இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மை மிஞ்சிவிட்டார்கள். அந்த ஏடுகளில் பெண் எப்போதும் அப்பா வீட்டுப் பெயரோடுதான் வருகிறாள். கல்யாணத்திலும் அந்தப் பெயர், பிள்ளையின் ஞானஸ்நானத்திலும் அந்தப் பெயர், எழுபது வயதில் அடக்கம் செய்தபோதும் அந்தப் பெயர். அதனால் அம்மா வழி, அம்மாவின் அம்மா வழி என்று விட்டுப்போகாமல் பின்னோக்கிப் போக முடிகிறது. நடுவிலே புருஷன் பெயரைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் அங்கேயும் வந்தது. 1981 முதல் கியூபெக்கில் கல்யாணத்துக்குப் பிறகும் பெண் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எங்கள் பெண் அங்கே அவள் அப்பா பெயரோடு இருக்கிறாள். இங்கே வங்கிக் கணக்கில் மட்டும் கணவன் எழுத்து. எது அவள் என்று கேட்டு ஒரு ஆபீசில் கடிதம் வந்ததாம்.

பிரெஞ்சுக்காரன் பெயர் நம் மண்ணிலும் விழுந்திருக்கிறது. புதுச்சேரியில் 1881 செப்டம்பர் 21 அன்று ஒரு ஆணை வந்தது. நம் வழக்கச் சட்டத்தை விட்டு பிரெஞ்சுச் சட்டத்துக்கு வர விரும்புகிறவர்கள் நிரந்தரமான ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை லபோர்த் என்று எடுத்துக்கொண்டார். நீதிமன்றத்துக்குள் செருப்புக்குப் பதிலாக ஷூ போட்டு வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் வரைக்கும் வழக்குப் போய் ஜெயித்தவர் அவர்தான். அந்தக் குடும்பப் பெயர்களை வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு 1881-க்குப் பின்னால் உள்ளது எல்லாம் ஏட்டில் சுத்தமாக இருக்கும். அதற்கு முன்னால் போக வேண்டுமானால் அவர்களும் நம்மைப் போல அப்பத்தாவிடம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் தேட இறங்குகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது மாவட்டத்தின் பெயரிலேயே. சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதி 1910 வரை திருநெல்வேலி ஜில்லா. அந்த வருஷம் ராமநாதபுரம் ஜில்லா உண்டாகி இதையெல்லாம் சேர்த்துக்கொண்டது. 1985 மார்ச் 15 முதல் காமராஜர் மாவட்டம், பின்னர் விருதுநகர் மாவட்டம். விருதுநகரே 1923 வரை விருதுபட்டி. ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் இருந்த குடும்பம், கொள்ளுத்தாத்தா பத்திரத்தில் திருநெல்வேலியிலும், தாத்தா பத்திரத்தில் ராமநாதபுரத்திலும், அப்பா பத்திரத்தில் விருதுநகரிலும் இருக்கும். "எங்க ஆளுக திருநெல்வேலியில இருந்து வந்தவங்க" என்று சொல்லிக்கொள்ளும் சிலர் எங்கிருந்தும் வரவில்லை, ஜில்லாதான் அவர்களைக் கடந்து போனது.

அடுத்த குழி வருஷம். பழைய பத்திரிகைகளில் தமிழ் வருஷம்தான் இருக்கும், அது அறுபதில் திரும்பி வரும். ருத்ரோத்காரி என்று இருந்தால் 1923-ஆ 1983-ஆ? 'நல்வரவை விரும்பும்' என்ற வரிக்குக் கீழே யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் பெரியவர்கள் வயதைத் தாது வருஷப் பஞ்சத்தை வைத்தும் சிவகாசிக் கொள்ளையை வைத்தும் சொல்லுவார்கள். முன்னது 1876-இல் பிடித்த பஞ்சம், பின்னது 1899-இல் நடந்த கலவரம். "கொள்ளையப்ப எங்க ஐயா கைப்பிள்ளை" என்றால் பிறந்த வருஷம் கிடைத்துவிட்டது.

ஏடு எங்கே இருக்கிறது? சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டு, மூலப் பத்திரத்தின் நகல் வாங்கினால் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று இரண்டு தலைமுறையாவது கிடைக்கும். சொத்தே இல்லாதவர்களுக்கு இந்த வழி இல்லை. ஊர்க் கணக்குப்பிள்ளைக்கு எந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் மனப்பாடம். பரம்பரை கர்ணம் வேலை 1980-இல் ஒழிந்தபோது, ஒழிய வேண்டிய அதிகாரத்தோடு அந்த ஞாபகமும் போய்விட்டது. கிறிஸ்தவ வீடுகளுக்குக் கொஞ்சம் வசதி உண்டு. மிஷனரி ராக்லண்ட் ஐயர் வடதிருநெல்வேலி முழுக்க அலைந்து ஊழியம் செய்து 1858-இல் சிவகாசியிலேயே இறந்தார். அந்தக் காலம் தொட்டுச் சபைகளில் ஞானஸ்நான ஏடு எழுதுகிற வழக்கம் உண்டு. சவரிமுத்து, ராயப்பன், தேவசகாயம் என்ற பெயர்களுக்குப் பின்னால் பழைய பெயர் என்ன என்பதை அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

மற்றவர்களுக்குக் குலசாமி கோயில்தான் பதிவாளர் ஆபீஸ். மகா சிவராத்திரிக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பங்காளிகள் கூடும் இடத்தில் பூசாரியிடமோ பெரிய வீட்டிலோ தலைக்கட்டு வரி நோட்டு ஒன்று இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. எந்த வருஷம் எவன் தனித் தலைக்கட்டானான், எவன் வரி நின்றது என்று பார்த்துக்கொண்டே போனால் ஒரு வகையறாவின் விரிவு தெரியும். ஒரு ஊரை விட்டுக் கிளம்பியவர்கள் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போய்ப் புது ஊரில் வைத்திருப்பார்கள். அந்தப் பிடிமண் எந்த ஊர் மண் என்று கேட்டால் மூலக் கோயில் வரும். 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய குடும்பம் ஒன்று எங்கள் பக்கம் ஊர் தேடி வந்தது. அவர்களுக்குத் தாத்தாவின் ஊர்ப் பெயர் தெரியாது. சாமி பெயரும், அது கண்மாய்க்கரையில் இருக்கும் என்பதும், சித்திரைப் பொங்கலில் கறுப்புக் கிடாய் வெட்டுவார்கள் என்பதும் தெரிந்திருந்தது. அதை வைத்தே கண்டுபிடித்துச் சேர்ந்தார்கள்.

இந்த நோட்டுகளில் எல்லாம் ஒரு ஓட்டை இருக்கிறது. தலைக்கட்டு நோட்டில் பெண் இல்லை. அவள் பிறந்த வீட்டு நோட்டிலும் இல்லை, புகுந்த வீட்டு நோட்டிலும் இல்லை. பத்திரத்தில் 'இன்னார் சம்சாரம்'. 1989-இல் தமிழ்நாடு மகளுக்கும் குடும்பச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் கொண்டுவந்த பிறகுதான் மகள்களின் பெயர் பத்திரங்களில் ஒழுங்காக ஏற ஆரம்பித்தது, அதுவும் பெரும்பாலும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்காக.

பெண் வழியைத் தேட நான் கண்ட நல்ல இடம் மொய் நோட்டு. அதில் முதலில் ஊர், பிறகு பெயர், பிறகு தொகை. காதுகுத்தோ கல்யாணமோ, முதல் மொய் தாய்மாமனுடையது. உங்கள் அப்பாவுக்குக் காதுகுத்திய மொய் நோட்டு கிடைத்தால், முதல் வரியில் இருக்கிற ஊர்தான் உங்கள் அப்பத்தா பிறந்த ஊர். தாத்தாவுக்குக் காதுகுத்திய நோட்டு கிடைத்தால் அவரைப் பெற்றவள் ஊர். கொண்டு கொடுத்த ஊர்கள் எல்லாம் அதற்குக் கீழே வரிசையாக வரும். இவ்வளவையும் எழுதி வைத்தது யாரும் வம்சத்தை நினைத்து அல்ல, திருப்பிச் செய்ய வேண்டிய கடனை நினைத்து. கடனுக்காக எழுதியதில் பொய் குறைவாக இருக்கும். பழைய பேப்பர்க்காரனுக்கு எடைக்குப் போடும் முன் அந்த நீள நோட்டைத் திறந்து பாருங்கள்.

அச்சடித்த வம்ச வரலாறு என்று புத்தகங்கள் சில என் பிரஸ்ஸுக்கும் வந்திருக்கின்றன. முதல் பக்கத்தில் பாண்டிய மன்னன், இரண்டாம் பக்கத்தில் நேரே கொள்ளுத்தாத்தா. நடுவிலே அறுநூறு வருஷத்தைக் காணோம். எந்தச் சாதிக்காரர் கொண்டுவந்தாலும் மாதிரி இதுதான். அடித்துக் கொடுத்திருக்கிறேன், தொழில். ஆனால் அந்த வரலாற்றை நான் நம்புவதில்லை. அரசனைத் தேடிப் போகிறவனுக்குக் கிணறு வெட்டிய பாட்டன் கண்ணில் படமாட்டான். 1929-இல் செங்கல்பட்டில் சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுக்கச் சொன்னது. அந்தத் தலைமுறை சிரமப்பட்டு எடுத்ததை, வம்சம் தேடுகிறேன் பேர்வழி என்று பேரப்பிள்ளைகள் திரும்ப ஒட்டிக்கொண்டால் தேடாமலே இருக்கலாம்.

பழைய ஏட்டில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எழுதியவன் கை யாருடையது என்பது. தாழ்த்தப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குக் கருப்பசாமி என்று பெயர் வைத்தாலும் பண்ணைக் கணக்கிலும் பள்ளிக்கூட ஏட்டிலும் கருப்பன் என்றுதான் எழுதுவார்கள், சாமியை வெட்டிவிடுவார்கள். மாடத்தி, பேச்சி என்று நிற்கும் பெயர்களுக்குப் பின்னாலும் வெட்டுப்பட்ட 'அம்மாள்' இருக்கலாம். அப்படிப்பட்ட ஏட்டைத் தேடிப் பிடித்த ஒரு வாத்தியார், தன் தாத்தாவின் நினைவு நாள் அட்டையில் ஏட்டில் இருந்தபடி போடாமல், வீட்டில் அழைத்தபடி சாமி சேர்த்துப் போடச் சொன்னார். அதுதான் சரி.

பட்டாசு ஆலைத் தொழிலாளி வீட்டிலும் வம்சம் ஏன் தேட வேண்டும் என்று முன்னால் சொல்லாமல் விட்டதற்கு வருகிறேன். எங்கள் மண் வெடிமருந்து மண். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 38 பேர் இறந்தார்கள். உதவிக்கு ஓடிவந்த ஊர்க்காரர்களும் அதில் உண்டு. அதற்கு முன்னும் பின்னும் சின்னதும் பெரியதுமாக எத்தனையோ. இப்படி ஒரு சாவுக்குப் பிறகு வீட்டுக்காரர்கள் தாலுகா ஆபீசுக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்டுப் போக வேண்டும். அங்கேதான் மூன்று பெயர் விவகாரம் முகத்தில் அறையும். ஆலை வருகைப் பதிவேட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் பள்ளிக்கூடப் பெயர், ரேஷன் கார்டில் யாரோ தப்பாக ஏற்றிய பெயர். மனைவிக்கு ஒன்றில் அப்பா எழுத்து, மற்றதில் கணவன் எழுத்து. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கிறதற்குள் கருமாதி முடிந்து வருஷத் திதி வந்துவிடும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க என்னிடம் வந்து, "அண்ணாச்சி, ஆதார்ல உள்ள பேரப் போடுங்க, பின்னால ஆபீஸ்ல காட்டணும்" என்று சொன்ன வீடுகள் இருக்கின்றன. போஸ்டர் எந்த ஆபீசிலும் செல்லாது என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? இரண்டு பெயரையும் சேர்த்து, நடுவிலே 'என்கிற' போட்டுக் கொடுப்பேன்.

இப்போது வரும் இளம் பிள்ளைகள் சிலர் அப்பா எழுத்தோடு அம்மா எழுத்தையும் சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். 'யார் எழுத்து முதலில்' என்று சம்பந்தி வீட்டில் சின்னதாக ஒரு முனகல் எழும், பிறகு அடங்கிவிடும். எனக்கு அது பிடித்திருக்கிறது. நூறு வருஷம் கழித்துத் தேடுகிறவனுக்கு ஒரு எழுத்து கூடுதலாகக் கிடைக்குமே.

அடுத்த சிவராத்திரிக்கோ பங்குனிப் பொங்கலுக்கோ ஊருக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் மூத்த பெண் யாரோ அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஆண்களிடம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், அவர்கள் கிணற்றையும் வழக்கையும்தான் சொல்லுவார்கள். அவருடைய அம்மா பெயர், அம்மாவின் அம்மா பெயர், ஒவ்வொருவரும் பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், தவறிப்போன பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் ஏட்டுப் பெயர், வீட்டுப் பெயர், தெருப் பெயர் எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். போனில் மட்டும் பேச விட்டுப் பதிவு செய்துவிட்டு வந்துவிடாதீர்கள். போன் மாறும்போது அது போய்விடும். எழுதி முடித்ததும் இரண்டு படி எடுத்து ஒன்றை அண்ணன் வீட்டிலும் ஒன்றை அக்காள் வீட்டிலும் வையுங்கள். அக்காள் வீட்டில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.